தம்பியின் படகையும் எழுதுங்கள்

அன்புச் சகோதரிக்கு,

கிள்ளானிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தம்பியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் போடப் போகிறோம், அதில் அவரைப் பற்றி என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் திகைத்து நிற்கின்றன. அதனால் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். தம்பியின் பெயரையும் அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவை மலரில் இருந்தால் போதும்.

38 வயது. துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை விடிந்தால் பாய்மரப் படகு. ஒரு நாள் அதிகாலையில் நெஞ்சுவலி என்றார், மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நீங்கள் எழுதியிருந்ததை மூன்று வரியில் சுருக்கினால் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தீர்கள். இறுதிச் சடங்கன்று வாசலில் முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அம்மா வந்து நின்று அழுதாராம். கணவர் இறந்த பிறகு வர வேண்டிய பணத்துக்காக இரண்டு ஆண்டு அலைந்தவராம். உங்கள் தம்பிதான் காணாமல் போன கோப்பைத் தேடி எடுத்து, விட்டுப்போன கையெழுத்துகளை வாங்கி, அந்தப் பணத்தைக் கிடைக்கச் செய்தாராம். வீட்டில் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

மலருக்காகச் சங்கத்தார் எழுதிக் கொடுத்த பக்கத்தையும் அனுப்பியிருந்தீர்கள். ‘கடமை தவறாதவர், இன்முகம் மாறாதவர், பண்பின் சிகரம், ஈடு செய்ய முடியாத இழப்பு.’ நல்ல மனத்தோடு எழுதியதுதான். ஆனாலும் இதை அச்சுக்குக் கொடுக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். இதில் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வீட்டு மலருக்கும் ஆகும். அந்த மலாய்க்கார அம்மா இதில் எங்கே இருக்கிறார்? சனிக்கிழமைப் படகு எங்கே?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் வட்டாரத்திலேயே அரசாங்க வேலை பார்த்து, ஊருக்காக உழைத்து, 52 வயதில் போய்ச் சேர்ந்த ஒரு பெரிய மனிதரின் நினைவை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று பல காலமாக எனக்குள் ஓர் ஆற்றாமை. தம்புசாமிப் பிள்ளையைத்தான் சொல்கிறேன். இவர் பெயரில் உள்ள சாலை சௌ கிட்டுக்கு அருகே, ஜாலான் புத்ரா பக்கம் இருக்கிறது.

தம்புசாமி யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்த பிள்ளை, பத்துமலைக் கோயிலைத் தொடங்கியவர் என்று சொல்லும். இன்னும் கொஞ்சம் தெரிந்த பிள்ளை, ஜாலான் துன் எச். எஸ். லீயில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலையும் சேர்த்துச் சொல்லும். இரண்டும் உண்மை. மாரியம்மன் கோயில் அவர் தொடங்கியது என்பது கோயில் வரலாறு. பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. ஆண்டுதோறும் மாரியம்மன் கோயிலிலிருந்து ரதம் புறப்பட்டு விடிய விடியப் பத்துமலைக்குப் போகிறதே, அது ஓடுவது அவர் தொடங்கிய இரண்டு கோயிலுக்கும் நடுவேதான். பக்தராக அவரை நாம் மறக்கவில்லை, அதில் எனக்கு நிறைவுதான். ஆனால் அவர் ஓர் அரசாங்க ஊழியர் என்பது எங்கே போயிற்று?

அவர் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தார். தந்தை பெயர் காயாரோகணம். நாகப்பட்டினத்துச் சிவனின் பெயர் அது. தமிழ்நாட்டுக் கடற்கரையின் வாசம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில் படித்துவிட்டு, ஜேம்ஸ் குத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் கிராணியாகச் சேர்ந்தார். 1875இல் அந்த டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆனார். துரையோடு தம்புசாமியும் வந்தார். வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? உங்கள் கிள்ளான். அன்றைக்குச் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளான்தான். 1880இல்தான் நிர்வாகம் கோலாலம்பூருக்கு மாறியது.

அந்தக் கிள்ளானைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரயில் இல்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போக வேண்டுமானால் ஆறுதான் வழி. தமன்சாரா என்ற படகுத்துறை வரை ஆற்றில் போய், அங்கிருந்து சாலையில் போவார்கள். கழி ஊன்றிப் படகு தள்ளி ஆற்றிலேயே முழுத்தூரமும் போகிறவர்களுக்கு நாள்கணக்கில் ஆகும். உப்பு, அரிசி, வெள்ளிப் பணம், அரசாங்கக் கடிதம் எல்லாமே அந்தத் தண்ணீரில் ஏறித்தான் வந்தன. அரசாங்கத்தின் நேரமே ஏற்றவற்றத்தைப் பார்த்து நடந்த காலம் அது. உங்கள் தம்பி சனிக்கிழமைகளில் படகு விட்ட அதே கழிமுகம்.

தம்புசாமி சிலாங்கூர் கருவூலத்தில் தலைமைக் கிராணியாக இருந்தார். பொருளாளர் இல்லாத வேளைகளில் சில முறை பொறுப்புப் பொருளாளராகவும் அமர்ந்தார். இது சாதாரணக் காரியமில்லை. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நாற்காலி அது. மாநிலத்தின் மொத்த வரவு செலவும் அந்த மேசை வழியாகப் போனது. ஈய ஏற்றுமதி வரி, அபின் குத்தகை, சூதாட்டக் குத்தகை என்று அன்றைய வருமானம் எங்கெங்கிருந்தோ வந்தது. அதில் நமக்கு உவப்பில்லாதவையும் இருந்தன. அந்தப் பணத்தில்தான் சாலையும் காவல் நிலையமும் மருத்துவமனையும் எழுந்தன. கணக்குச் சரியாக இருந்தால்தான் இவையெல்லாம் எழும். சரியாகக் கணக்கு வைத்தவருக்கு எந்த ஊரிலும் சிலை வைப்பதில்லை.

1881இல் கோலாலம்பூர் இரண்டு முறை அழிந்தது. ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். பலகையும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர், பற்றிய தீயில் சாம்பலாயிற்று. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த ஸ்வெட்டன்ஹாம், இனிமேல் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும்தான் என்று கட்டளை போட்டார். செங்கல் அறுத்துச் சுட்ட இடத்துக்குத்தான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்தது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் வீடு அந்த மண்ணில்தான் இருக்கிறது. ஒரு நகரம் எழுந்து நிற்கக் கொத்தனார் வேண்டும், செங்கல் சுமக்கும் ஆள் வேண்டும், கூலிக்குப் பட்டியல் எழுதுகிறவரும் வேண்டும்.

பிறகு ரயில். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் இருந்த புக்கிட் கூடா வரை பாதை திறந்தார்கள். ஆற்றுக்குப் பாலம் போட்டுக் கிள்ளான் ஊருக்குள் ரயில் வந்தது 1890இல். இந்தப் பாதை வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆள் திரட்டும் பொறுப்பு தம்புசாமியிடம் வந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. அவர் திரட்டி வந்தவர்களில் காட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பொதுப்பணி செய்கிறவர் கையால் நல்லதும் நடக்கும், நல்லது என்ற பெயரில் பிறர் தலையில் பாரமும் ஏறும். நினைவு எழுதுகிறவர்கள் இரண்டையும் எழுத வேண்டும். அப்படி எழுதினால் அந்த மனிதர் சிறுத்துப் போவதில்லை.

1890இல் கோலாலம்பூருக்குச் சுகாதார வாரியம் அமைந்தது. இன்றைய மாநகராட்சியின் மூதாதை அது. சாக்கடை, குப்பை, தெரு விளக்கு, சந்தை எல்லாம் அதன் வேலை. தம்புசாமி அதில் உறுப்பினர். 1893இல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதன் அறங்காவலர்களில் லோக் யூ, யாப் குவான் செங் ஆகிய சீனப் பிரமுகர்களோடு இவரும் ஒருவர். அந்தப் பள்ளியில் மாணவர் இல்லம் ஒன்றுக்கு இவர் பெயர் உண்டு. அரசு வேலையை விட்டுத் தொழிலில் இறங்கிய பிறகு, 1894இல் ரவாங்கில் இவரும் லோக் யூவும் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்சார இயந்திரம் வைத்தார்கள். மலாயாவில் மின்சாரத்தின் கதையை எழுதுகிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு தமிழரும் ஒரு சீனரும் சேர்ந்து ஏற்றிய விளக்கு அது. பள்ளிப் பாடத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

1902இல் சிங்கப்பூரில் காலமானார். பிறந்த ஊரிலேயே முடிந்தது.

52 வயது இளமையா என்று உங்கள் பிள்ளைகள் கேட்கலாம். பொதுப்பணியில் இருப்பவருக்கு அது பாதி வழி. கிள்ளான்காரரான உங்களுக்கு நம் அரசியல் தலைவர் மாணிக்கவாசகத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமைச்சராக இருக்கும்போதே 53 வயதில் 1979இல் மறைந்தார். அதே ஆண்டுதான் துன் சம்பந்தனும் போனார், அறுபதுகூட நிறையவில்லை. ஒரே ஆண்டில் இரண்டு தலைவர்களை இழந்து இந்தச் சமூகம் திகைத்தது. இப்படி ஒருவர் பாதியில் போகும்போது, அவர் தலையில் மட்டும் இருந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. யாரைப் பார்த்தால் வேலை நடக்கும், எந்தத் தீர்மானம் எந்தக் காரணத்தால் நின்றது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது.

பிரிக்பீல்ட்ஸில் நூறு குவாட்டர்ஸ் இருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய அரசாங்கக் குடியிருப்பு. ரயில்வே கிராணிமார், தபால்காரர்கள், பொதுப்பணித்துறை ஊழியர்கள் என்று யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழரும் மலையாளிகளும் வரிசை வரிசையாக வாழ்ந்த இடம். நாட்டின் தண்டவாளத்தையும் தந்தியையும் ஓட வைத்தவர்களின் வீடுகள். இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அங்கே வளர்ந்தவர்களைப் பிடித்துக் கேட்டால் கிரிக்கெட், கோயில் திருவிழா, பக்கத்து வீட்டுப் பலகாரம் எல்லாம் சொல்வார்கள். அப்பா அலுவலகத்தில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், ‘ரயில்வேயில கிராணி’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். காலையில் எட்டு மணிக்குப் போய் மாலையில் திரும்பிய ஒரு மனிதரின் முப்பது ஆண்டு உழைப்பு இரண்டு சொல்லில் முடிகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

உங்கள் வீட்டில் அப்படி ஆக விடாதீர்கள். இன்னும் ஓராண்டுதான் ஆகியிருக்கிறது, கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் தம்பிக்குப் பக்கத்து மேசையில் இருந்தவரைப் போய்ப் பாருங்கள். காலையில் வந்ததும் முதலில் எந்த வேலையில் கை வைப்பார் என்று கேளுங்கள். எந்தப் படிவம் அவரிடம் வரும், எங்கே அது சிக்கும், சிக்கினால் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். பியூனைக் கட்டாயம் கேளுங்கள், அதிகாரிகளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். மேலதிகாரியோடு மோதியது உண்டா? உண்டென்றால் எதற்கு? அதையும் எழுதுங்கள். அவருக்குக் கோபம் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வாசலில் காத்திருக்கும் முதியவர்களை நிற்க வைத்துப் பேசினால் கத்திவிடுவார் என்று. சங்கத்தாரின் ‘இன்முகம் மாறாதவர்’ என்ற வரியை விட அந்தக் கோபம் எனக்கு ஆயிரம் மடங்கு மேல். அந்த மலாய்க்கார அம்மாவைத் தேடிப் பிடித்து, அவர் வாயாலேயே கேட்டு, மலாயில் சொன்னதை மலாயிலும் தமிழிலும் போடுங்கள். மலரின் முதல் பக்கமே அதுவாக இருக்கட்டும்.

இனிப் படகு. உங்கள் சித்தப்பா, படகு விஷயத்தைப் போட வேண்டாம், விளையாட்டுப்பிள்ளை என்று நினைப்பார்கள் என்று தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். பெரியவர், அவரை மதிக்கிறேன். ஆனால் இதில் அவர் சொல்லைக் கேட்காதீர்கள்.

தம்புசாமிக்குக் குதிரைப் பந்தயம் என்றால் உயிர். கோயில் வரலாறு சொல்லும் மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை, பக்திமானுக்குப் பொருந்தாது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். குதிரை ஓடும்போது வேலிக்கு அருகே நின்று பதறும் தம்புசாமியையும் சேர்த்துத் தெரிந்திருந்தால் அவர் நமக்கு இன்னும் நெருங்கியிருப்பார். அமெரிக்க அதிபர் கென்னடியை எடுத்துக்கொள்ளுங்கள். 46 வயதில் சுடப்பட்டு இறந்தவர். அவர் தொடங்கிய ‘பீஸ் கோர்’ எனும் அமைதிப் படையின் இளைஞர்கள் 1962இல் நம் மலாயாவுக்கும் வந்து பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தார்கள். அவருடைய 15ஆம் பிறந்தநாளுக்குப் பெற்றோர் வாங்கிக் கொடுத்த விக்டுரா என்ற பாய்மரப் படகை பாஸ்டனில் அவர் நினைவு நூலகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். படகைக் காட்டுவதால் அவர் மதிப்பு குறைந்துவிட்டதா?

அதைவிட முக்கியமாக ஒன்று. தம்பியின் படகும் அவருடைய வேலையும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. மலாக்கா நீரிணையில் பாய்மரம் விடுவது பொறுமையின் வேலை. காற்று பெரும்பாலும் மெல்லியது. காலையில் கரையிலிருந்து வீசும், வெயில் ஏறினால் கடலிலிருந்து திரும்பும், நடுவே அசைவில்லாமல் நிற்கும். கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் தண்ணீர் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றத்தின் நேரம் தப்பினால் கண்டல் காட்டு ஓரச் சேற்றில் படகு உட்கார்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டியதுதான். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று கறுத்துக்கொண்டு வரும் சூறைக்காற்று வேறு. பக்கத்திலேயே மலைபோல் கொள்கலன் கப்பல்கள். அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கத் தெரிய வேண்டும். எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்து, வளைந்து வளைந்துதான் போய்ச் சேர வேண்டும். அரசு அலுவலகத்தில் தொலைந்த கோப்பைத் தேடி எடுத்து, மேசை மேசையாகக் கொண்டுபோய், ஒரு விதவைக்குப் பணம் வாங்கிக் கொடுத்தவர் அதைத்தானே செய்தார்?

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். தேதி, காற்றின் திசை, ஏற்றவற்ற நேரம், யார் யார் கூட வந்தார்கள் என்றெல்லாம் அதில் இருப்பதாக. கடைசி ஆண்டுப் பக்கங்களில் துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் நிறைய வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். தன் வீட்டு வாசலில் கடல் இருந்தும் அதில் கால் வைக்காத பிள்ளைகளுக்குப் பாய் கட்டவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக் கொடுத்திருக்கிறார். பாய்மரப் படகு பணக்காரர் விளையாட்டு என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் பாய் விரித்துக் கடல் கடந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு இந்த எண்ணம் எப்படி வந்ததோ. உங்கள் தம்பி அதைப் பேசிக்கொண்டிருக்கவில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள்.

நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களை அவர் கையெழுத்திலேயே படமெடுத்துப் போடுங்கள். அவருடைய நல்ல புகைப்படம் ஒன்று போதும். தலைவர்களின் இரங்கல் செய்திக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதை ஒரு பக்கமாக்குங்கள். வருத்தப்படுகிறவர்கள் கொஞ்சம் வருத்தப்படட்டும். இறப்பைப் பற்றி நீளமாக வேண்டாம். நடந்ததை நடந்தபடி, நீங்கள் எனக்கு எழுதிய அதே வரிகளில் போட்டால் போதும். அதற்கு மேல் அலங்காரம் சேர்த்தால் படிக்கிறவர் அழுவார், ஆனால் யாருக்காக அழுதோம் என்று அவருக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் கவனம். பணம் வாங்கிக் கொடுத்த கதைகளில் பிறரின் குடும்ப விவரம் இருக்கும். அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயர் போடாதீர்கள். உங்கள் தம்பியும் அப்படிச் சொல்லித் திரியாதவர்தானே.

எழுதி முடித்ததும் ஒரு படியை எனக்கு அனுப்புங்கள், மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். அச்சானதும் இன்னொரு படியைத் தேசிய நூலகத்துக்குக் கொடுங்கள். ஒன்றை அவர் அலுவலகத்தில், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று அந்தப் படகுத்துறைக்கு. சித்தப்பாவிடம் நான் பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலேறி வருகிறேன். வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும், எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து உங்கள் சகோதரன்